பெயர் நாள் மிட்டாய்

மின்கா இத்தாலியில் யார் யார் வீட்டுக் கிழவிகளையோ குளிப்பாட்டிப் பிழைத்தவள். பல்கேரியாவுக்குத் திரும்பியதும் ஊருக்கு வெளியே இருந்த விடுதியில் ஆயாவாகச் சேர்ந்தாள். புத்தி சரியில்லை என்று கோர்ட்டு தீர்மானித்தவர்களின் விடுதி அது. அத்தனை பேருக்கும் டைரக்டர் பொஷ்கோவாதான் சட்டப்படி காப்பாளர். துணி மாற்று, சூப் ஊட்டு, வாயை மூடிக்கொள். மின்கா இப்படித்தான் காலம் தள்ளினாள்.

அங்கிருந்த கோல்யோ ஒரு தடவை வெளியாளிடம் குறை சொன்னான். உடனே மலைமேல் மனநல மருத்துவமனைக்குப் 'பரிசோதனை' என்று கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவனுக்குக் கரண்டி பிடிக்க வரவில்லை. மின்கா அழவில்லை. சின்னக் கரண்டியாக எடுத்து, அவன் சாகும்வரை ஊட்டினாள்.

புனித இலியா நாளன்று ஊர் வாசகசாலையில் மனித உரிமைச் சட்டம் பற்றிப் பொதுக்கூட்டம். விடுதிக்காரர்களுக்கு இஸ்திரிச் சட்டை மாட்டி, பொஷ்கோவாவே வேனில் அழைத்துவந்தாள். வெளியே இடி உருண்டது. தன் பெயர்கொண்ட புனிதரின் நாள்தான் ஒருவனுக்குப் பெயர் நாள்; அதனால் விடுதிக்காரர்களில் ஒருவனான இலியா கையில் லோகும் மிட்டாய்ப் பெட்டி. பெயர் நாளில் நீட்டுவதை யாரும் மறுக்கக் கூடாது.

தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த வக்கீல் வெசெலா பேசினாள். "காப்பாளர் இருந்தாலும், உங்கள எங்க கொண்டுபோனாலும் உங்க விருப்பத்தக் கேக்கணும். இங்க யாராவது ஏதாவது சொல்லணுமா?"

இலியா எழுந்துவிட்டான். மின்கா அவன் சட்டை நுனியை இழுத்தாள். எட்டவில்லை.

"என் அடையாள அட்டை என் கையில இருக்கணும். பேக்கரி வேலைக்குப் போகணும். அந்தம்மா தர மாட்டேங்குது."

கூட்டம் கைதட்டியது. பொஷ்கோவாவும் தட்டினாள், எல்லோரும் நிறுத்திய பிறகும்.

கூட்டம் கலைந்தபோது இலியா பெட்டியை நீட்டினான். "டைரக்டரம்மா, எடுத்துக்கோங்க."

"நூறு வருஷம் இருப்பா, கண்ணு!" பொஷ்கோவா ஒன்றை எடுத்தாள். வாயில் போடவில்லை. காகிதக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

வெசெலா தன் போன் எண்ணை மின்காவிடம் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள். மற்றவர்களைப் பெரிய வேன் ஏற்றிப் போனது. இலியாவுக்கு மட்டும் சின்ன வண்டி.

"நீ களைச்சிருக்க மின்கா, வீட்டுக்குப் போ," என்றாள் பொஷ்கோவா.

"களைப்பெல்லாம் இல்லீங்க." ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பாலம் தாண்டினால் விடுதிக்கு இடப்பக்கம். வண்டி வலப்பக்கம் திரும்பி மலை ஏறியது.

"அக்கா, இது நம்ம ரோடு இல்லியே?"

"ஒரு சின்ன செக்கப்," என்றாள் பொஷ்கோவா முன்சீட்டிலிருந்து.

"இலியா, உனக்குப் போகணுமா?" மின்கா சத்தமாகக் கேட்டாள்.

"வேணாங்கா. கோல்யோ மாதிரி ஆயிடுவேன்."

"கேட்டீங்கல்ல? வண்டிய நிறுத்துங்க."

டிரைவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினான். மின்கா போனில் வெசெலாவின் எண்ணை அமுக்கினாள். மலையில் சிக்னல் இல்லை. வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவன் கைக்கு நாளைக்கும் கரண்டி பிடிக்க வர வேண்டும்.

"பெட்டிய மூடாத," என்றாள். "ஒருத்தர் விடாம நீட்டு. பேரச் சொல்லு. நல்லாப் பேசு."

மருத்துவமனை கேட்டில் வண்டி நின்றதும் இலியா காவலாளிக்கு நீட்டினான். "நான் இலியா. இன்னிக்கு என் பெயர் நாள்."

"அட, நூறு வருஷம் இரு, தம்பி!" காவலாளி மென்றான். "யாரப் பாக்க வந்தீங்க?"

"யாரையும் பாக்க வரல," என்றாள் மின்கா. "நல்லா இருக்கிற ஆள, கேக்காமக் கூட்டியாந்திருக்காங்க. நல்லா நடக்கறான், பேசறான். பாத்து வச்சுக்கோங்க."

காவலாளி மெல்லுவதை நிறுத்தினான். பொஷ்கோவாவைப் பார்த்தான். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டைத் திறந்தான்.

உள்ளே வண்டியை விட்டு இறங்கியதும் வெள்ளைக்கோட்டு போட்ட இருவர் வந்தார்கள். மின்கா இலியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இலியா பெட்டியை நீட்டினான். பெட்டியில் இன்னும் மிட்டாய் இருந்தது. அவர்கள் கைகளை நீட்டவில்லை. பின்னால் கேட் சாத்தப்பட்டது.