கிணறும் சேர்த்து நாற்பது ரூபாய்

தமுக்குச் சத்தம் கேட்டால் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கோர்ட் ஏலத்துக்கு வரும் வீட்டின் வாசலில்தான் அப்படித் தமுக்கு அடிப்பார்கள். ஏலம் எடுத்தவர் யாரென்று வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்துக்கொண்டு, நேரே அவர் முன்னால் போய் நிற்பேன். வீட்டைக் கழுவித் துடைத்து, பால் காய்ச்சத் தயாராக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவள் என்று என் நாத்தனார் சொல்லுவாள். சொல்லிவிட்டு என்னோடு வேலைக்கும் வருவாள்.

கூலி பேச நான் அறைகளை எண்ணுவதில்லை. வீட்டைப் பறிகொடுத்தவர்கள் எப்படிப் போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்பேன். சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் அடுப்பை இடித்திருப்பார்கள், கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அதற்கு இரண்டு மடங்கு கேட்க வேண்டும்.

ஒரு ஆவணியில், ஸ்ரீரங்கத்து வீடு ஒன்றை காந்தி மார்க்கெட் வெங்காய மண்டி முதலாளி எடுத்தார். வீட்டுக்கார அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் கோர்ட் ஆளிடம் சாவியைக் கொடுத்தார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது போதும். கிணறும் சேர்த்து நாற்பது ரூபாய் என்று வாயை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை விடிகாலை பால் காய்ச்ச வேண்டும், அதற்குள் கிணற்றில் தரை தெரிய வேண்டும் என்றார் முதலாளி. தெரிந்தால் இனி அவர் எடுக்கும் வீடெல்லாம் எங்களுக்கு. தெரியாவிட்டால் கூலியே கிடையாது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய என் புருஷன் இடுப்பு பிடித்துப் படுத்திருந்த நேரம் அது. முதலாளி தரப்போகும் வீடுகளை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை வைக்க வேண்டும்.

வீடு புதன்கிழமை மத்தியானமே முடிந்துவிட்டது. ஒட்டடைகூட இல்லை. இரண்டு ஆட்களைக் கூலிக்குப் பிடித்துக் கிணற்றை இறைக்க ஆரம்பித்தோம். இருட்டும்வரை இறைத்தும் தண்ணீர் ஒரு முழம்தான் இறங்கியது. வியாழக்கிழமை காலையில் பார்த்தால் பழைய இடத்திலேயே நின்றது. உள்ளே எதையாவது போட்டுவிட்டுப் போயிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தது. பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினோம். துருப்பிடித்த வாளிப்பிடி ஒன்று வந்தது. வேறொன்றும் வரவில்லை.

மத்தியானம் கொல்லைக் கதவருகே ஒரு அம்மா வந்து நின்றார். வீட்டைப் பறிகொடுத்தவர் அவர்தான். அடுத்த தெருவில் ஒற்றை அறையில் குடியிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆவணியிலே இது வத்தாதும்மா. காவேரி இறங்கினாத்தான் இதுவும் இறங்கும்."

நான் பொன்மலைப் பக்கத்துக்காரி. எங்கள் கிணறுகளில் நாலு பேர் இறைத்தால் சாயங்காலம் தரை தெரியும். இரண்டு நாளாகப் பாலத்தின் மேல் பஸ்ஸில் வரும்போது கரை தொட்டு ஓடிய காவிரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள், அது இந்தக் கிணற்றுக்குள்ளும் இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படியும் மனசு கேட்காமல், உள்ளே ஏதாவது போட்டீர்களா என்று அவரிடமே கேட்டேன். கேட்கக் கூடாததுதான்.

"பதினெட்டு வருஷம் நான் குடிச்ச தீர்த்தம். அதுலே எதைப் போடுவேன்?"

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்துவிட்டார். கிணற்றை எட்டிப் பார்த்ததும் முகம் கறுத்தது. காவிரிக் கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வீட்டைப் பறிகொடுத்தவர்கள் கிணற்றை மட்டும் சும்மா விட்டிருப்பார்களா என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தத் தண்ணிய நீ குடிப்பியா?"

கூலி முழுகிப்போகிறது என்று தெரிந்தும் என் கை வாளிப் பக்கம் போகவில்லை. பயந்துவிட்டேன். அந்த அம்மா முன்னால் வந்தார். எங்கள் கை பட்ட வாளி என்று பார்க்கவில்லை. தானே ஒரு வாளி இறைத்து, இரண்டு கையாலும் ஏந்தி வயிறு நிறையக் குடித்தார். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அது யார் என்று முதலாளி கேட்டார். சொன்னேன். காலையில் பால் காய்ச்ச இந்தத் தண்ணீரையே எடுத்து வைக்கச் சொன்னார்.

மறுநாள் அந்தத் தண்ணீர் விட்டுத்தான் பால் காய்ச்சினார்கள். எனக்கு நாற்பது ரூபாயும் ஒரு டம்ளர் பாலும் கிடைத்தன. ஏழு வருஷம் முதலாளியின் வீடுகள் எல்லாம் எங்களுக்கே வந்தன.

அதன் பிறகு கூலி பேசும்போது என்ன மாதம், ஆறு எவ்வளவு தூரம் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். வீட்டை விட்டவர்கள் எப்படிப் போனார்கள் என்றும் கேட்பேன். எங்கே போனார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அந்த அம்மாவின் ஒற்றை அறை எனக்குத் தெரியும். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்தத் தெருவுக்குள் போகவில்லை.