கரண்டு போகாத சாயங்காலம்

கரண்டு போச்சு என்று இன்னொரு தடவை சொல்லாதேயும், தாணு. நான் அப்போது உம்முடைய வாசலில்தான் நின்றேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடியது. எதிர்வீட்டு டிவியில் மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். வலியசாலை முழுக்கக் கரண்டு இருக்கும்போது உம்முடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படிப் போகும்? நீர்தான் அணைத்தீர். இத்தனை வருஷமும் ஒத்துக்கொள்ளாமல், இப்போது பதில் சொல்ல முடியாத இடத்துக்கும் போய்விட்டீர்.

ஆளில்லாத நாற்காலியோடு சண்டை போடுகிறேன் என்று யாரும் சிரிக்க வேண்டாம். காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கத் தாணுவைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று அவர் வீட்டுக்காரி பகவதி கேட்டாள். சாலைக் கடைத்தெருவில் பாத்திரம் விற்றவன் நான். படிப்பு அஞ்சாம் வகுப்பு, அதுவும் கோட்டாற்றில், தமிழில். அதனால் நான் சொல்லச் சொல்லப் பகவதி டைப் அடிக்கிறாள், தாணுவின் அதே பழைய கம்ப்யூட்டரில்.

சேதி எனக்கு வந்த விதத்தைக் கேட்டால் தாணுவே சிரித்திருப்பார். நான் நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருந்தேன். போன் வழக்கம்போல் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. திரும்பி வந்து ஆட்டோவில் போகும்போது, தெரு முக்கில் தாணுவின் படம் போட்டு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே மலையாளத்தில் என்னவோ இருந்தது. மலையாளம் நான் நன்றாகப் பேசுவேன், வாசிக்க வராது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த ஆள் கவுன்சிலருக்கு நிற்கிறாரே என்று ஆட்டோக்காரனிடம் குறைபட்டுக்கொண்டேன். அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

“எலெக்ஷன் அல்ல, மாமா. ஆளு மரிச்சு போயி.”

இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் கல்யாணத்தையும் சாவையும் தமிழில் அடித்துக் கொடுத்தவர் அவர். அவருக்கு ஒரு வரி தமிழில் போட ஆள் இல்லாமல் போய்விட்டது. அங்கேதான் எனக்குக் கண் நிறைந்தது.

அவருடைய டிடிபி கடை உங்களுக்குத் தெரியும். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்று யாராவது நின்றால், “எழுத்து தப்பிச்சுன்னா கல்யாணம் நிக்காதுவே. மாமன் வரமாட்டான், அவ்வளவுதான்” என்பார். பிறகு மாமன் பெயரை உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பிரிண்ட் எடுப்பார்.

இனி, சண்டைக்கு வருகிறேன். என் பேத்தி உமாவுக்குப் பேரூர்க்கடையில் மலையாளிப் பையன். நல்ல பையன், நான் சொல்கிற கதையை முழுசாகக் கேட்பான். அவன் அம்மா பத்திரிகைக்கு மலையாளமும் இங்கிலீஷும் போரே, போதாதா என்று கேட்டாள். போதும்தான், எனக்கு மட்டும் போதாது. என் பேத்தி கல்யாணப் பத்திரிகையை இன்னொருவர் வாசித்துக் காட்டி நான் கேட்க வேண்டுமா? அந்த அம்மாள் தங்கமானவள். விஜயதசமி வரை பொறுக்கிறோம், அன்றைக்குத் தமிழும் சேர்ந்து வந்தால் சரி, இல்லையென்றால் எங்கள் கார்டை அச்சுக்குக் கொடுத்துவிடுவோம் என்றாள்.

தாணுவிடம் ஓடினேன். இரண்டு மொழியும் ஒரே தாளில் வர ஒரு சாஃப்ட்வேர் வேண்டும், அது ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஓ.எஸ்ஸையே புதுசாக மாற்ற வேண்டும் என்றார். “பழைய வீட்டுக்குப் புது வயரிங் போடுத மாதிரி. சுவரு தாங்கணும்.” காலையில் அப்கிரேடை ஓடவிட்டார். அணைக்காதே, அணைக்காதே என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. நத்தை மாதிரி நகர்ந்தது.

அன்றைக்குப் பூஜைவைப்பு. புத்தகத்தையும் தொழில் சாமானையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. சாயங்காலம் நான் போனபோது கம்ப்யூட்டர் சந்தனப் பொட்டோடு பட்டுத்துணி போர்த்தி இருந்தது. தாணு ஈரத் தலையோடு பக்கத்தில் நின்றார். முடிந்ததா என்று கேட்டேன்.

“கரண்டு போச்சுவே.”

நான் ஃபேனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். போயிட்டு வந்திட்டு என்றார்.

விஜயதசமி காலையில் துணியை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டால், வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், திரை கறுக்கும், மறுபடி சுற்றும். தாணு பிரிண்டரைக் கழற்றினார், ஸ்கேனரைக் கழற்றினார். பெட்டியைத் திறந்து மெமரியை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழிரப்பரால் தேய்த்தார். ஒன்றும் அசையவில்லை. சரஸ்வதிக்கு உள்ளே வசதியாக இருக்கிறது, இறங்க மனசில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. உள்ளே இருந்த தமிழ் ஃபாண்ட் வேறெங்கும் கிடைக்காது. அது போனால் என் பத்திரிகையோடு அவர் தொழிலும் போனது. விட்டுவிடும், உமாவே வாசித்துக் காட்டட்டும் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“உமக்கு வாசிக்கணும், அம்புட்டுதான? இரியும்.”

புள்ளிகள் சுற்றும்போது சுவிட்சை அணைத்தார். போட்டார், சுற்ற ஆரம்பித்ததும் மறுபடி அணைத்தார். எனக்குப் பதறிவிட்டது. ஒரு தடவை பாதியில் அணைத்ததற்கே இந்தக் கதி என்றேன்.

“ஒரு தடவ அணைச்சா தெரியாம செஞ்சான்னு நினைக்கும். தொடர்ந்து அணைச்சா, இவனுக்கு என்னமோ கஷ்டம் இருக்குன்னு புரிஞ்சுக்கிடும்.”

மூன்றாவது தடவைக்குப் பிறகு போட்டபோது திரையில் பழுதுபார்க்கும் பட்டியல் ஒன்று வந்தது. பழைய ஓ.எஸ்ஸுக்கே திரும்பிப் போ என்று அதில் ஒரு வழி இருந்தது. அதை அமுக்கிவிட்டு இருவரும் பேசாமல் உட்கார்ந்தோம். நான் பேசாமல் உட்கார்ந்தது அன்றைக்கு மட்டும்தான் என்று பகவதி சொல்லுகிறாள். கடைசியில் அவருடைய பழைய முருகன் படம் திரையில் வந்தது. ஃபாண்ட் இருந்தது. என் பேத்தி பெயரைத் தட்டி, உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

புது ஓ.எஸ். போனதால் மலையாளத்துக்கு வழியில்லை. தாணு அலட்டிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கார்டிலிருந்து மலையாளத்தை பிளேடால் வெட்டி, தமிழுக்குக் கீழே பசை போட்டு ஒட்டி, அப்படியே அச்சுக்குக் கொண்டுபோனார். மலையாளம் கொஞ்சம் சரிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு சாய்ந்து நிற்கிறதே என்றேன். உமக்கு வேண்டியது மேலே நேராகத்தானே இருக்கிறது என்றார். சம்பந்தி அம்மாளுக்கு அந்தச் சாய்வுதான் ரொம்பப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? சரஸ்வதிக்குப் பயந்து அப்கிரேடைப் பாதியில் அணைத்த ஆள் இவர்தான் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நான் ஆரம்பித்ததுமே “கரண்டு போச்சுவே” என்று சொல்லிவிட்டு, தாணு டீ குடிக்க எழுந்து போய்விடுவார். ஒரு தடவைகூட கடைசிவரை கேட்டதில்லை.

இதை நான் சொல்லிக்கொண்டு வரும்போது டைப் சத்தம் நின்றுவிட்டது. பகவதி கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, அணைச்சது நானாக்கும். அவுங்க குளிச்சிட்டிருந்தாங்க. விளக்கு ஏத்த நேரமாச்சேன்னு சுவிட்ச அமத்திட்டேன்.”

நான் தலைக்கு மேலே ஃபேனைப் பார்த்தேன்.

“உங்ககிட்ட சொல்லப்படாதுன்னுட்டாங்க. அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான், என்னைச் சிரிச்சா நான் டீ குடிக்கப் போயிருவேன், நீ எங்க போவேன்னாங்க.”

இதையும் எழுதலாமா என்று கேட்டேன். எழுதிக்கிடுங்க, அவுங்க செஞ்சது நல்ல காரியம்தானே என்றாள்.

தாணு, தோற்றது நான்தான். உமாவின் பத்திரிகை என் பெட்டியில் இருக்கிறது. ஆனால் உம்மிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது அந்தப் பொய்யைத்தான். ஃபேன் தலைக்கு மேலே ஓடும்போது கூசாமல் சொன்னீரே, அதை. இனி யாராவது உம்மைப் பற்றிக் கேட்டால் கரண்டு போனது என்று நானே சாட்சி சொல்லுவேன்.

இதைப் பகவதியிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதிகூட ஆகவில்லை, டீ போடப் போகிறேன் என்று அவள் எழுந்து போய்விட்டாள். மீதியை ஒற்றை விரலால் நானே தட்டுகிறேன்.