றீற்றா அக்காவின் பதினொரு மணிக் காட்சி

றீற்றா அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வேலையிடத்தில் வந்தது. லண்டன் எட்மண்டனில், கவுன்சில் வீட்டுப் பிரிவில், ஒரு குடும்பத்துக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைக் கூரை ஒழுகுகிற முறைப்பாடு. நடுவில் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்கள். லூயிஷாமிலிருந்து அவருடைய தங்கை ஸ்ரெல்லா. "விடியக் காலமை, வசந்தி. நித்திரையிலயே" என்றார். நான் "ஓம்" என்றேன். திரும்பி வந்து ஒழுகுகிற கூரையை ஒருவாறு முடித்துக் கொடுத்தேன். பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மாடிப்படியில் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். இதை எழுதும்போதும் அப்படித்தான். இரண்டு வரி எழுதுவதும் எழும்பி யன்னலுக்குப் போவதுமாக இருக்கிறேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்தது மொழிபெயர்ப்பாளராக. வைத்தியசாலையிலோ உதவிப்பணம் கொடுக்கும் பெனிபிட் அலுவலகத்திலோ உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, நீங்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் காரமாக ஆங்கிலத்தில் சொன்னவர். கத்தோலிக்கக் கோயில் பங்கில் உள்ளவர்களுக்கு, பூசை முடியுமுன் வாசலுக்கு வந்துவிடும் மன்னார்க்காரி. இன்னும் சிலருக்கு, "படம் பாக்கக் கப்பலேறிப் போற மனிசி." நான் எழுத நினைப்பது அந்த மனிசியைப் பற்றி.

எண்பதுகளின் நடுவில் கவுன்சிலில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. வாடகைப் பிரிவில் வேலை செய்த ஓர் ஐரிஷ்காரப் பெண்தான் அயர்லாந்தில் தன் ஊரான கோர்க்கில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் திரைப்பட விழா நடக்கிறதென்று முதலில் சொன்னவர். அடுத்த வருடமே றீற்றா அக்கா தனியாகப் போய் வந்தார். அதற்கடுத்த வருடம் என்னையும் இழுத்தார். "ஏன், லண்டனில தியேட்டர் எல்லாம் பூட்டியாச்சோ?" என்று என் கணவர் கேட்டார். "தம்பி, உமக்கு விளங்காது. சமைச்சு பிரிட்ஜில வைச்சிருக்கு, சூடாக்கத் தெரியுந்தானே?" என்று பதில் சொன்னவர் றீற்றா அக்கா. சமைத்தது நான்.

யூஸ்ரனில் ரயில், ஹொலிஹெட்டில் கப்பல். அக்கா கையில் அகதிகளுக்கான பயணப் பத்திரம். முன்கூட்டியே தூதரகத்தில் விசா எடுத்திருந்தார். அப்படியிருந்தும் அக்கரையில் இறங்கியதும் குடிவரவு அதிகாரி அதை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, என்ன அலுவல் என்று கேட்டார். படம் பார்க்க என்றார் அக்கா. அதிகாரி சிரித்துவிட்டு, லண்டனில் படம் இல்லையா என்று என் கணவரின் கேள்வியையே கேட்டார். "படம் இருக்கு. எடுத்த ஆக்களைக் காணேலாது" என்று அக்கா சொன்னார். அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

அது உண்மைதான். பிறகு வந்த வருடங்களில் வசந்தத்தில் டப்ளின், இலையுதிர் காலத்தில் கோர்க், பின்னாளில் கோடையில் கால்வே என்று லீவு கிடைத்தபோதெல்லாம் போனோம். டப்ளினில் பெரிய படங்களும் நீண்ட வரிசைகளும். கால்வேயில் ஓயாத மழை, மழையைப் பொருட்படுத்தாத சனம். ஆனால் கோர்க்தான் அக்காவின் ஊர். அங்கே ஐந்து நிமிடப் படத்துக்கும் இரண்டு மணிநேரப் படத்துக்கும் ஒரே மரியாதை. படம் முடிய வெளிச்சம் போடுவார்கள். எடுத்தவர் முன்னால் வந்து நிற்பார். தேநீர்ப் போத்தலோடு வந்த ஓய்வூதியக்காரரும் எழும்பி, நடுப்பகுதி எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். பிறகு இருவரும் ஒரே மேசையில் குடிப்பார்கள். தலைமையுரை இல்லை, மாலை இல்லை. காலை பதினொரு மணிக் காட்சிக்கு வேலையில்லாதவர்களும் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரரும் வருவார்கள். அந்தப் பதினொரு மணிக் காட்சியில் அக்காவுக்கு ஒரு கண்.

அவரோடு படம் பார்ப்பது லேசான காரியமில்லை. சம்பல் பூசிய பாண் சுற்றிய பேப்பரை இருட்டில் பிரிப்பார். முன்வரிசை முழுக்கத் திரும்பும். அரை மணிநேரத்துக்கு மேல் இருக்கமாட்டார். கதவோரம் போய் நிற்பார். பிறகு, அடுத்த அரங்கில் ஓடுவது இதைவிட நல்லதாக இருக்கும் என்ற சந்தேகம் வந்து காணாமல் போய்விடுவார். இரவுச் சாப்பாட்டில், "பேந்தென்ன நடந்தது? அவள் திரும்பி வந்தவளோ?" என்று என்னைக் கேட்பார். நான் முடிவைச் சொன்னால், "சீ, பிழை. அப்பிடி முடிச்சிருக்கக்கூடாது" என்று மாற்றிவிடுவார். அவர் சொன்ன முடிவுகள் சில இன்றைக்கும் எனக்கு உண்மையான முடிவுகளோடு கலந்து போயிருக்கின்றன.

அவர் அசையாமல் இருந்து பார்த்த ஒரு படம் உண்டு. கால்வேயில், ஐரிஷ் மொழியிலான ஒரு குறும்படம். கோபமாயிருக்கும் இரண்டு சகோதரர்கள் ஒருவரோடொருவர் கதைக்காமல் ஒரு படகுக்குத் தார் பூசுகிறார்கள். அவ்வளவுதான். எடுத்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, எங்களுக்கு முன்னால் இருந்தவர். வெளியே வந்ததும் அக்கா மழையில் குடையை விரிக்காமல் நடந்தார். "வசந்தி, அந்தப் பாஷை கதைக்கிற ஆக்கள் எங்களிலும் பாக்க எவ்வளவு குறைவு. ஆனா இங்கிலீசைக் கீழ சின்னனாப் போட்டிட்டு, தங்கட கதையைத் தங்கட வாயால கதைக்கினம். நாங்கள் என்னத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறம்?"

லண்டன் திரும்பியதும் மாலை வகுப்பொன்றில் கமரா பிடிக்கப் பழகினார். எதைப் படம் எடுப்பதென்று அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லூயிஷாம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடந்தது. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது என்பதால், தாய்மார் வகுப்பு முடியும்வரை நடைவழியிலேயே காத்திருப்பார்கள். அங்கே இருந்ததெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான குட்டிக் கதிரைகள். முழங்கால் நெஞ்சுக்கு வர, கோட்டைக் கழற்றாமல், பயற்றங்காய் முறித்துக்கொண்டு, வழக்குப் பேசிக்கொண்டு, தூங்கிக்கொண்டு இருப்பார்கள். அதை அக்கா பன்னிரண்டு நிமிடப் படமாக எடுத்தார். கடைசியில் மகேஸ் அக்கா என்ற தாய், ஒன்றும் சொல்லாமல் திரையிலிருந்து எங்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அத்தோடு படம் முடிகிறது.

எடுக்கும்போதே தாய்மாருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: இதைப் பெரிய திரையில், ஒரு தியேட்டரில் உங்களுக்குக் காட்டுவேன் என்று. "சும்மா ஒரு கசற்றில தாங்கோவன்" என்று அவர்கள் கேட்டார்கள். மறுத்துவிட்டார். என்னிடம் காரணம் சொன்னார்: "கசற்றில குடுத்தா ஒண்டு உலை வைக்கப் போயிடும், மற்றது போன் எடுக்கப் போயிடும். இந்தப் பெண்டுகள் ஒரு நாளாவது ஒண்டை முழுசா இருந்து பாத்திருக்குங்களோ? இருட்டில இருத்தோணும். எழும்பவிடக்கூடாது."

படம் கோர்க்குக்குத் தேர்வானது. பதினொரு மணிக் காட்சி. குட்டிக் கதிரைகளைக் கண்டதும் அரங்கம் சிரித்தது. கடைசிப் பார்வையில் அப்படியே அடங்கிப்போனது. அக்கா முன்னால் போய் நின்றார். ஒரு முதியவர் எழும்பி, அந்தப் பெண் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று கேட்டார். "பஸ்ஸுக்கு. ரெண்டு பஸ் எடுக்கோணும்" என்றார் அக்கா. இன்னொருவர், நாடிழந்தவரின் துயரமெல்லாம் அந்தப் பார்வையில் இருக்கிறதென்று நீளமாகச் சொன்னார். அக்கா நன்றி சொன்னார். அன்று மாலை எல்லோரும் வந்து கை கொடுத்தபோதும் அவருக்குச் சந்தோசமில்லை. மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "இவை சிரிச்சது எனக்குக் காணாது, வசந்தி. மகேஸ் சிரிக்கோணும்."

அந்த வாக்கை நிறைவேற்ற அவர் ஒரு முயற்சி செய்தார். லண்டனில் எங்களுக்கென்று ஒரு குறும்பட விழா. மண்டபம், புரொஜெக்டர், நண்பர்கள் அனுப்பிய சில ஐரிஷ் படங்கள், கடைசியாகத் தாய்மாரின் படம். ஐந்து மணிக்கு மண்டபத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஏற்பாட்டுக் குழுத் தலைவர் கனகசபை அண்ணையிடம் அக்கா விதித்த நிபந்தனை ஒன்றுதான்: பேச்சு வேண்டாம்.

"அதெப்பிடிப் பிள்ளை, பேச்சில்லாமல் ஒரு விழா? வந்த பெரிய மனிசரை என்ன செய்யிறது?"

"இருந்து படம் பாக்கச் சொல்லுங்கோ அண்ணை."

"பாப்பினம், பாப்பினம். அதுக்கு முன்னம் ரெண்டு வார்த்தை."

அன்று மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். வாழ்த்திய ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, போர்த்தியவரைப் பற்றி இன்னொருவர் இரண்டு வார்த்தை. சினிமா சமூகத்தைச் சீரழிக்கிறதென்று ஒருவர் அரை மணிநேரம் பேசினார். முன்வரிசையில் தாய்மார் பட்டுச் சேலையில். பின்னால் அக்கா நடையாய் நடந்தார். மூன்று படம் ஓடியதும் தேநீர் இடைவேளை, பிறகு நன்றியுரையை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள், நன்றி சொல்ல வந்தவருக்குப் போக வேண்டியிருந்ததால். அவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. அரைக் காற்சட்டையும் மட்டையுமாகப் பட்மின்ரன் விளையாடுகிறவர்கள் வந்து நின்றார்கள். அடுத்த முன்பதிவு அவர்களுடையது. "இன்னும் ஒரு ரெண்டு நிமிசம்" என்று கனகசபை அண்ணை அவர்களிடமும் ஒரு சின்ன உரை ஆற்றப் பார்த்தார். அவர்கள் மிகுந்த மரியாதையோடு வலைக்கம்பங்களைத் திரைக்கு முன்னால் நட்டார்கள்.

அக்கா படச்சுருளைப் பெட்டியில் வைத்து மூடினார். "அண்ணை, உங்கட பேச்சுகளைப் படம் எடுத்திருந்தா முழுநீளப் படம் ஒண்டு கையில இருந்திருக்கும்" என்றார். அண்ணைக்கு உண்மையாகவே முகம் வாடிவிட்டது. தாய்மார் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.

அதன்பிறகு அக்காவுக்கு வருத்தம் வந்தது. சத்திரசிகிச்சை, மருந்து, கொஞ்சம் சுகம், மறுபடி வருத்தம். பிள்ளைகள் தமிழ் வகுப்பை விட்டு வளர்ந்துவிட்டார்கள். "கெதியாச் செய்யோணும்" என்பதே அவரது பேச்சாகிவிட்டது. இந்த வருடம் லூயிஷாமில் ஒரு சின்னத் தியேட்டர்காரரைக் கட்டிலில் படுத்தபடியே தொலைபேசியில் பிடித்து, நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒழுங்கு செய்தார். அக்கா போனது அதற்கு முந்திய வாரம்.

அடக்கம் முடிந்த அன்று கனகசபை அண்ணை என்னிடம் வந்தார். அழுது கண் சிவந்திருந்தது. "பிள்ளை, செவ்வாய்க்கிழமை தியேட்டர் இருக்குத்தானே. அதிலயே ஒரு அஞ்சலிக் கூட்டமும் வைப்பம். நாலைஞ்சு பேர் பேசட்டும்."

"இல்லை அண்ணை."

"ரெண்டு வார்த்தை…"

"ஒரு வார்த்தையும் இல்லை அண்ணை. நீங்கள் வாங்கோ. இருந்து பாருங்கோ."

அவர் வந்தார். பின்வரிசையில் வாயைத் திறக்காமல் இருந்தார்; அதற்காக என் நன்றி அவருக்கு என்றும் உண்டு. தாய்மாரும் வந்தார்கள். சிலர் ஹரோவிலிருந்து, சிலர் வேலைக்கு லீவு போட்டு. விளக்கு அணைந்தது. பன்னிரண்டு நிமிடமும் அவர்கள் திரையோடு கதைத்தார்கள். "ஐயோ, என்ர அந்தக் கோட்!" "பாரடி, வாயைத் திறந்துகொண்டு நித்திரை." "உந்தப் பயற்றங்காய் முழுக்க முத்தல்." ஒருவர்கூட எழும்பவில்லை. மகேஸ் அக்கா தன் முகத்தைப் பெரிதாகக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

வெளிச்சம் வந்தது. எடுத்தவர் முன்னால் நிற்க வேண்டிய நேரம். யாருமில்லாத அந்த இடத்தைப் பார்க்க முடியாமல் நான் போய் நின்றேன். மகேஸ் அக்கா கேட்டார்: "என்னை ஏன் கடைசியில இவ்வளவு நேரம் விட்டவ?"

"எனக்குத் தெரியாதக்கா. கோர்க்கில நாட்டை நினைச்ச துயரம் எண்டு சொன்னவை."

"ஆரின்ர துயரம்?" என்றார். "நான் றீற்றாவையெல்லோ பாத்துக்கொண்டிருந்தனான். காலமை முழுக்க அங்கயும் இங்கயும் ஓடித் திரிஞ்ச மனிசி, கமராவுக்குப் பின்னால திடீரெண்டு ஆடாமல் அசையாமல் நிண்டா. தலைச்சுத்தோ, ஏதும் செய்யுதோ எண்டு பாத்தன்."

அந்தப் பார்வையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது யாரைப் பார்க்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கமராவுக்குப் பின்னால் றீற்றா அக்கா நின்றிருக்கிறார், அசையாமல். மகேஸ் அக்காவின் கண்ணைத் தவிர வேறெதிலும் அது பதியவில்லை.

வாசலில் கோட் மாட்டும்போது மகேஸ் அக்கா என் கையைப் பிடித்தார். "கோர்க்கில எங்களை அவ்வளவு பேர் பாத்திருக்கினம். நாங்கள் அங்க போய் அவையின்ர படம் ஒண்டையும் பாக்கேல்லை. அடுத்த முறை போகேக்க எங்களையும் கூட்டிக்கொண்டு போறீரோ?" பக்கத்தில் நின்ற இருவர், "ஓம், நாங்களும்" என்றார்கள்.

றீற்றா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஆறுதலான எதுவும் அல்ல. ஒரு காரியம் தள்ளிப்போகும்போது உள்ளங்கால் குறுகுறுக்கிறதே, அவருடைய அந்த அந்தரம். அதை நான் மட்டும் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். என்னிடம் மட்டும் இல்லை போலிருக்கிறது. கால்வே விழாவுக்கு இன்னும் ஏழெட்டு மாதம் கிடக்கிறது. இதை எழுதி முடிக்குமுன் தொலைபேசி இரண்டுதரம் அடித்துவிட்டது, இரண்டுதரமும் மகேஸ் அக்கா.

"என்ன பிள்ளை, இன்னும் ரிக்கெற் எடுக்கேல்லையோ?"