திருநீறு அடைத்த காபரேட்டர்

எனக்கு எண்பத்தாறு வயது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றும் சோடை போகவில்லை. இது நடந்தபோது மூத்தவன் கைக்குழந்தை. உலகத்தில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். செங்கலடிக்கு உள்ளே, வயலோரம் எங்கள் வீடு.

பிள்ளைக்குத் தொண்டையில் வெள்ளையாகப் படர்ந்து மூச்சு இழுத்தது. ஊர் வைத்தியம் பார்க்கும் பரியாரியார் பார்த்துவிட்டு உடனே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். என் புருஷன் ஓடிப்போய் ஏறாவூரிலிருந்து வாடகைக் காரைக் கொண்டுவந்தார். சாரதி முஸ்லிம் ஆள். அவர் எஞ்சின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும்போது, என் மாமியார் வழிக்குக் காவலாகத் திருநீற்றை அள்ளி உள்ளே வீசிவிட்டார். புது வண்டிலுக்கும் புது மாட்டுக்கும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள்.

ஏறாவூர் தாண்டியதும் கார் இருமி இருமி நின்றது. பெற்றோல் தட்டுப்பாடு, வேறு வாகனம் ஒன்றும் வரவில்லை. பிள்ளையின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

"காபரேட்டருக்குள்ள திருநூறு போயிட்டு பெத்தா. இதாலதான் எஞ்சின் காத்துக் குடிக்கும்" என்றார் சாரதி. மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"அழாதீங்க. நல்லதுக்குத்தானே போட்டீங்க."

சொல்லிக்கொண்டே சாரதி காபரேட்டரைக் கழற்றி, பெற்றோலில் கழுவி, ஊசிக்கண் போன்ற துளைகளை வாயால் ஊதினார். நான் பிள்ளையைத் தோளில் போட்டபடி குனிந்து பார்த்தேன். உள்ளே காசளவு பித்தளைத் தகடு ஒன்று, அவர் விரல் பட்டதும் மீனின் செவுள் போலத் திறந்து மூடியது. அம்மாடி! இவ்வளவு பெரிய காருக்கு இவ்வளவு சின்ன மூச்சா?

திரும்பப் பூட்டும்போது, இடையில் வைக்கும் தோல் கிழிந்து போயிருந்தது. அது இல்லாவிட்டால் கள்ளக்காற்றுப் புகுந்துவிடுமாம். அவர் யோசிக்கவே இல்லை. சாறன் நழுவாமல் இடுப்பில் கட்டியிருந்த அகன்ற வாரை அவிழ்த்து, அதன் உள்தோலை வெட்டி, ஆணியால் துளைபோட்டு வைத்துப் பூட்டினார். என் புருஷன் காரின் முன்னால் கம்பியை மாட்டிச் சுழற்றினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு செருமல், அடுத்து ஒரே உறுமல். செத்துக் கிடந்த இரும்பு உயிர்த்ததை என் கண்ணால் கண்டேன்.

மாமியாருக்கு அழுகைக்கு நடுவிலேயே பழைய வாய்த்துடுக்கு திரும்பிவிட்டது. "சாறனக் கெட்டியாப் புடி மனே, டவுனுக்குள்ள போறம்!"

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் பிள்ளையின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார். அவன் இழுத்த முதல் மூச்சைக் கேட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று தெரியும்வரை சாரதி சாறனைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

எத்தனையோ தேரும் தீர்த்தமும் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சின்னத் தகடு திறந்து மூடியதைப்போல வேறொன்றும் என்னைக் கும்பிட வைக்கவில்லை.

சரி பேரப்பிள்ளை, இவ்வளவையும் ஒருக்கா வாசி மனே. நான் சொன்னபடி எழுதியிருக்கிறியா எண்டு பாப்பம்.