பாங்கு சொன்ன நேரத்தில் எடுத்த படம்

என் முகம் எங்கள் வீட்டுச் சுவரில்கூடத் தொங்கியதில்லை. தொழுகிற வீட்டில் உருவப் படம் வேண்டாம் என்று மாமியார் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. கல்யாணப் படங்கள் அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கின்றன. அப்படிப்பட்ட நான், புதுச்சேரியில் இருக்கும் கடைசி மகள் ஃபிலிம் கேமராவோடு வந்து, "உங்கள ஒரு படம் எடுக்கணும் உம்மா" என்றதும் சரி என்று சொல்லிவிட்டேன். அவளே வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

ஜன்னலில் ஒரு கதவைச் சாத்திவிட்டு என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்திருப்பாளாம். வெளிச்சம் மெல்ல மெல்ல உள்ளே இறங்குமாம்.

"அசையாதீங்க. மூச்சு விட்டுக்கலாம்."

"அதுக்கும் உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

கண்ணைத் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சரிந்திருந்த முக்காட்டை என் வலது கை தானாக இழுத்துவிட்டது. தலையும் கூடவே குனிந்தது. பாங்குச் சத்தம் கேட்டால் முக்காடு போடுவது நான் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. "ஐயோ" என்றாள் மகள். கழுவிப் பார்த்தால்தான் தெரியும் என்று ஃபிலிமை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகுதான் போனில் சொன்னாள், அங்கே ஒரு கண்காட்சியில் அதைக் கதவளவுக்கு மாட்டப்போகிறாளாம். காரைக்கால் கடைத்தெருவுக்கே துப்பட்டி போர்த்தாமல் போகாதவள் நான். முன்பின் தெரியாத ஆண்கள் நின்று நின்று என் முகத்தைப் பார்ப்பார்களே. வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் சரி என்று சொன்ன வாய் இது. கொடுத்த வார்த்தையை நான் யாரிடமும் திருப்பி வாங்கியதில்லை.

மாட்டுவதற்கு முன் எனக்குக் காட்டப் படத்தைக் கொண்டுவந்து பாயில் விரித்தாள். அன்று நாத்தனாரும் வந்திருந்தார். துபாயில் இருக்கும் என் மகன் வீடியோவில் பார்த்தான்.

நாற்காலி இருந்தது. வெள்ளை முக்காடு இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீரில் பால் கலந்தது போல ஒரு வெளுப்பு. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னேன்.

"என்ன உம்மா இது, பேய் மாதிரி இருக்கு? என் போன்ல எடுத்தா முடி முடியாத் தெரியும்" என்றான் மகன்.

"முடி முடியாத் தெரியிறத பாஸ்போர்ட் ஆபீசுல குடுங்க நானா" என்று அண்ணனை மடக்கிவிட்டு மகள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க உம்மா, புடிச்சிருக்கா?"

படம் என்றால் எனக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும், கல்யாண மாலையில் இருக்கிற பூவை எண்ண முடிய வேண்டும்.

"அழகா இல்ல. ஆனா தாராளமா மாட்டு" என்றேன். அவள் முகம் சுருங்கியது, பிறகு சிரித்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்த நாத்தனார் படத்தில் விரலை வைத்தார். மடியில் கிடந்த இடது கை மட்டும் அசையாமல், கோணல் சுண்டுவிரலோடு தெளிவாக விழுந்திருந்தது.

"மூஞ்சி இல்லாட்டி என்ன மச்சி? எத்தன பெருநாளைக்கு இந்தக் கைக்கு மருதாணி வச்சிருக்கேன். எங்க பாத்தாலும் இது நீங்கன்னு சொல்லிருவேன்."

மகள் பதறிப்போனாள். "அப்ப வேணாமா உம்மா?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். "புதுச்சேரிக்குப் போகப்போறீங்களா?"

"இந்த மூட்டு வலிய வச்சிக்கிட்டா? பஸ் படியே ஏற முடியல."

"அப்ப எடுத்துட்டுப் போ" என்றேன் மகளிடம்.