கழித்தல் குறியும் புடையன் கடியும்

இச்சம்பவம் நிகழ்வதற்கு முன்னர் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் கூறிவிடுகிறேன். திருகோணமலை நகரின் கல்லூரி ஒன்றில் இரசாயனவியல் பகுதித் தலைவராகவும் பின்னர் உப அதிபராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிரம்பு தொடாத வாத்தியார் என்று என்னைச் சொல்வார்கள். அது உண்மை. சேவைக்காலம் முழுவதிலும் எந்த மாணவன் மீதும் என் கை பட்டதில்லை. அன்புவழிபுரத்தில் என் வீட்டுப் படலையைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி நடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த வளவில் என் மனைவியின் தம்பி குடியிருக்கிறார். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் கோல் விட்டு மட்டம் பார்க்கும் வேலையில் தலை நரைத்தவர். நேற்றைய மட்டத்துக்கும் இன்றைய மட்டத்துக்கும் இடையில் கழித்தல் குறி விழுந்தால் எங்கோ ஒழுக்கு என்று பொருள். அந்தக் குறியைக் கண்டால் அவருக்கு நித்திரை வராது.

என் மகள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. நம் வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் விஷமுறி மருந்து இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு ஆக்கப்படுவது. நம் ஊர்க் கண்ணாடி விரியனான புடையனின் விஷப் புரதத்திலோ சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. அம்மாற்றங்களால் மருந்தின் பிடி தளர்கிறதா என்பதை அவள் கணினியில் கணித்துக்கொண்டிருந்தாள். ஓர் அமிலத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பாள். பிணைப்புச் சக்தியை மறுபடி கணிப்பாள். அக்கணக்குகளை நானும் சரிபார்த்தேன். பிணைப்புச் சக்தியின் முன்னால் கழித்தல் குறி நிற்கும். கழித்தல் பெருகப் பெருகப் பிடி இறுகும். எங்கள் துறையில் இது பாலபாடம். சில இடங்களில் பிடி சற்றுத் தளர்ந்திருந்தது; எங்கும் விட்டுப்போகவில்லை.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் மச்சான் வந்து மகளின் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“எல்லாம் மைனஸில கிடக்கு. இது என்ன பிள்ளை?”

“மருந்து விஷத்தைப் பிடிக்கிற சக்தி, மாமா. மைனஸ் கூடினா நல்ல இறுக்கம்.”

“எங்கட தாங்கியில மைனஸ் எண்டா ஒழுக்கு. உங்கட ஊசியும் ஒழுகுதாக்கும்.”

“அது அப்படியில்லை” என்றேன்.

“அத்தான் படிச்ச மனிசன். கழிக்கக் கழிக்கக் கூடும் எண்டுதான் சொல்லுவார்!”

சிரித்துக்கொண்டே போனார். ஊசி ஒழுகும் என்ற அந்தக் கதை தேநீர்க் கடை வரைக்கும் போயிற்று.

மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், ஒரு காலை, அவர் தமது கிணற்றடிப் பற்றையை வெட்டிக்கொண்டிருந்தார். அலறல் கேட்டு நானும் மகளும் ஓடினோம். அவர் மண்வெட்டியால் பாம்பைக் கொத்திக்கொண்டிருந்தார். அது எப்போதோ செத்துவிட்டது, அவர் நிறுத்தவில்லை. கிணற்றுக் கட்டில் சதை ஒட்டியிருந்தது. துண்டாகிக் கிடந்த தலை மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. முதுகுத் துண்டில் சங்கிலிக் கோலம். புடையன்தான். அவருடைய கணுக்காலிலிருந்து இரத்தம் வடிந்தது.

“ஆஸ்பத்திரிக்கு நடவுங்கோ” என்றேன்.

“மாட்டன். ஊசி விஷத்தைப் பிடிக்காது எண்டு உங்கட கொம்பியூட்டரே சொல்லிப்போட்டுது. விசகடிப் பரிசாரியைக் கூப்பிடுங்கோ.”

“ஐயோ மாமா, அது அப்பிடிச் சொல்லேல்ல!”

“மைனஸ், பிள்ளை! நான் கண்ணால பாத்தனான்!”

வாக்குவாதம் நீண்டது. கால் முழங்கால் வரை வீங்கிப் பளபளத்தது. அவர் துப்பினார், எச்சில் முழுக்கச் சிவப்பு. ஈறுகளிலிருந்து இரத்தம் கசிந்தது. உறையும் தன்மையை இரத்தம் இழந்துகொண்டிருக்கிறது என்பதை நான் அறிவேன். இனிப் பேசினால் பேச்சு முடிவதற்குள் மனிதர் முடிந்துவிடுவார்.

கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவர் மண்வெட்டியை வீசினார். அது என் தோளைக் கிழித்துக்கொண்டு போய் மதிலில் மோதியது. மறுபடி அறைந்தேன். விழுந்தார். அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, என் சால்வையால் கைகளைக் கட்டினேன். மகளைப் பஸ் நிலையத்துக்கு ஏற்றிச் செல்ல வந்திருந்த குறிஞ்சாக்கேணி ஓட்டோக்காரர் கால்களைத் தூக்கினார். ஓட்டோவில் திணித்து நான் பக்கத்தில் அமர்ந்ததும், மச்சான் என் மணிக்கட்டைக் கவ்வினார். பல் எலும்பில் முட்டுவதை உணர்ந்தேன். கையை இழுக்கவில்லை, இழுத்தால் அவர் குதித்திருப்பார்.

“சேர், பாம்பு கடிச்சது ஆருக்கு எண்டு டொக்டர் கேக்கப் போறாரு” என்றார் ஓட்டோக்காரர்.

“ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கோ.”

என்னை அண்ணா என்று அழைக்கும் மச்சானின் மனைவி பின்னால் தெருவில் ஓடி வந்தார். “அண்ணா என்ட மனிசனைக் கொல்லப் போறார்!” சைக்கிளை விட்டு இறங்கி நடக்கிறவர்கள் அன்றும் இறங்கி நின்றார்கள். பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வைத்தியசாலையில் அவருடைய இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பிறகு சரித்துப் பார்த்தபோது அது தண்ணீரைப் போல ஓடியது. மருந்து ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் உடல் தூக்கிப்போட்டது. கட்டில் கடகடத்தது. வாந்தி எடுத்தார், சேலைன் கம்பியை உதைத்து வீழ்த்தினார். “பாத்தீங்களோ உங்கட ஊசியை!” என்று அவர் மனைவி குடையால் என் தலையிலும் வாயிலும் அடித்தார். என் முன்பல் ஒன்று உடைந்தது. தாதியர் அந்தப் பெண்ணை இழுத்துப் பிடித்தார்கள். இம்மருந்துக்குச் சில உடல்கள் இவ்வாறு ஒவ்வாமை காட்டும். வைத்தியர் அதை அடக்க வேறு ஊசி போட்டுவிட்டு, விஷமுறியை மீண்டும் தொடங்கினார். பிற்பகலில் இன்னொரு முறையும் ஏற்றினார்.

மறுநாள் காலை குழாயைச் சரித்தார்கள். இரத்தம் அசையவில்லை, உறைந்திருந்தது. ஒரு நோயாளியைக் கொண்டு கணிப்பை நிறுவ முடியாது என்றாள் மகள். அது சரியான கூற்று.

மச்சான் கண் திறந்து, கட்டுப் போட்ட என் மணிக்கட்டைப் பார்த்தார்.

“அத்தான், இப்ப நான் மைனஸோ பிளஸோ?”

“மைனஸ்.”

“அப்ப நல்லம் எண்டு சொல்லுங்கோ.”

அவர் இன்று கடிபட்ட காலை இழுத்து நடக்கிறார். ஆனால் நடக்கிறார்.

வளவு எல்லைத் தகராறில் மச்சானை நான் மண்வெட்டிப் பிடியால் அடித்ததாக ஊரில் சொல்கிறார்கள். எங்களுக்குள் எல்லைத் தகராறு இருந்ததில்லை. மண்வெட்டி அவர் கையில் இருந்தது. நான் அடித்தது வெறுங்கையால், இரண்டு முறை. ஊசி பிடிக்காது என்று என் வீட்டில் எவரும் சொன்னதில்லை.