கீழே விழுந்தது கணக்கில்லை

பிள்ளைகளே, லூடோ ஆட எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால் நான்கு பேர் என்று சொல்வீர்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர் வேண்டும். நான்கு பேர் ஆடுவதற்கு, ஒருவர் சண்டை விலக்குவதற்கு. அந்த ஐந்தாவது ஆள் நான்தான். எனக்கு நிறமும் கிடையாது, காயும் கிடையாது. தலைவலி மட்டும் உண்டு.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மலைச் சாலையில், மூட்டத்தில், எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுத்து வழிவிட வேண்டும். அதெல்லாம் எனக்குப் பழக்கம். ஆனால் ஒரு சிறிய பகடைக்காயை நான்கு பேர் ஒழுங்காக உருட்டும்படி செய்ய மட்டும் என்னால் முடியவில்லை.

போன பள்ளி விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளி மலைக்குக் கீழே, தங்குவது விடுதியில். விடுமுறைக்கு வந்த அன்றைக்கே பையைக் கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"அப்பா, இந்தத் தடவையாச்சும் ஒரு கேம் முழுசா முடிக்கணும்பா. போன லீவுல ஒண்ணு கூட முடியல. ஹோஸ்டல்ல எல்லாரும் வீட்டுல கேம் ஆடின கதைய சொல்றாங்க. நான் சண்ட போட்ட கதையதான் சொல்றேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். புதுத் துணி கேட்கவில்லை, கைப்பேசி கேட்கவில்லை. இது கூடவா செய்ய முடியாது என்று நினைத்து, சரிம்மா என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு பெரிய வாக்கு கொடுத்தேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஆட்டக்காரர்களைச் சொல்லிவிடுகிறேன். பச்சைக் காய் மகளுக்கு. சிவப்பு அவள் தம்பிக்கு. அவன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. மஞ்சள் என் மனைவிக்கு. நீலம் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு. அவர் பக்கத்து ஊரான திரிங்காப்பில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் வேலை செய்கிறார். மத்தியானம் மழை பிடித்தால் தோட்டத்தில் வேலை நின்றுவிடும். கெரேத்தாவை, அதாவது காரை, எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கேமரன் மலையில் மத்தியான மழைக்கு என்றைக்குப் பஞ்சம்?

முதல் ஆட்டம் மச்சானால் கெட்டது. பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, பிறகு உள்ளங்கைக்குள் ஃபூ என்று ஊதுவார்.

"டேய், ஊதாத. எச்சி தெறிக்குது. அந்த டைஸ நாங்களும் தொடணும்," என்றாள் என் மனைவி.

"இல்லக்கா, ஊதினாத்தான் ஆறு விழும். இது டெக்னிக்லா."

"ஒன் டெக்னிக்குக்கு நான் டெட்டால் ஊத்தி கழுவணுமா?"

அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டே போனார்கள். அது லூடோவை விட்டு, சின்ன வயதில் யார் யாருடைய சாப்பாட்டில் கை வைத்தார்கள் என்பது வரை போனது. ஆட்டம் அதோடு சரி.

இரண்டாவது ஆட்டத்தைக் கெடுத்தவன் என் மகன். அவன் பகடையை உருட்ட மாட்டான், வைப்பான். ஆறு மேலே இருக்கும்படி விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, பூனைக்குட்டியைத் தரையில் விடுவது போல மெதுவாகப் பலகையில் விடுவான். பகடை பாதி கூடத் திரும்பாது. பிறகு, "ஆறு! இன்னொரு தடவ!" என்று கத்துவான்.

"இது உருட்டினதா? நட்டு வச்சது!" என்றாள் மகள்.

"கை சின்னதுக்கா எனக்கு. இப்படித்தான் வரும்."

அதனால் முதல் சட்டம் போட்டேன். இனி யாரும் கையால் உருட்டக் கூடாது. எவர்சில்வர் டம்ளரில் போட்டு, மூன்று தரம் குலுக்கி மேசையில் கொட்ட வேண்டும். நல்ல சட்டம் என்றுதான் நினைத்தேன். மகன் கொட்டாமல் டம்ளரைக் கவிழ்த்து மூடிவிட்டு, ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, பிடிக்காத எண்ணாக இருந்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திறந்தான். மச்சான் டம்ளருக்குள் ஊதினார். தகரக் கூரையில் மழைச் சத்தம், வீட்டுக்குள் டம்ளர் சத்தம். யார் என்ன எண்ணைச் சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

இதில் வீடும் எனக்கு எதிரி. எங்கள் லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, சரிவில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு அடியில் பலகைத் துண்டு செருகியிருக்கிறேன். அப்படியும் பகடை சமையலறைப் பக்கம்தான் ஓடும். ஓடிப்போய் பிஸ்கட் தட்டில் முட்டிச் சாய்ந்து நிற்கும். ஒரு பக்கம் பார்த்தால் நாலு, இன்னொரு பக்கம் பார்த்தால் ஒன்று.

"நாலு," என்பார் மச்சான்.

"ஒங்க பக்கம் நாலு மாமா. எங்க பக்கம் ஒண்ணு," என்பாள் மகள்.

எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

யோசித்துப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைக் கொண்டு வந்தேன். எங்கள் நிறுவைக் கொட்டகை நியாயம். கொழுந்து மூட்டையைத் தராசில் மாட்டியதும் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். மூட்டை ஆடாமல் நின்ற பிறகுதான் கணக்கெழுதும் கிராணி எண்ணைப் படிப்பார், உரக்கப் படிப்பார். பறித்தவர் தானே படித்துச் சொல்ல முடியாது. கூடையிலிருந்து தரையில் சிந்திய கொழுந்து யாருடையதாக இருந்தாலும் நிறுவையில் சேராது. நான் தினமும் லோரியை நிறுத்திவிட்டு இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே எத்தனையோ பேர், எத்தனையோ மூட்டை. இவ்வளவு சண்டை வருவதில்லை.

"கேட்டுக்குங்க," என்றேன். "டைஸ் நிக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. உருட்டினவங்க எண்ணச் சொல்லக் கூடாது, அடுத்த ஆள்தான் படிக்கணும். சாஞ்சி நின்னா மறுபடி உருட்டணும். மேசைக்குக் கீழ விழுந்துச்சுன்னா கணக்கில்ல."

"அப்ப நீங்கதான் கிராணியா?" என்று சிரித்தாள் மனைவி.

"ஆமா. சம்பளம் இல்லாத கிராணி."

அன்றைக்கே அந்தச் சட்டம் மகனைப் பிடித்தது. அவனுடைய காய் ஒன்றுகூட வெளியே வரவில்லை. ஆறு விழுந்தால்தான் வரும். வெகுநேரம் காத்திருந்து, உண்மையாகவே குலுக்கி, உண்மையாகவே கவிழ்த்தான். பகடை துள்ளி மேசையை விட்டு விழுந்து, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் போய் நின்றது. ஆறு.

"ஆறு! அப்பா, ஆறுப்பா! வந்து பாருங்க!"

"கீழ விழுந்தது கணக்கில்ல தம்பி," என்றாள் மகள்.

நானும் அதையேதான் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? சட்டம் போட்டு அரை மணி நேரம் கூட ஆகவில்லை. மறுபடி உருட்டினான், இரண்டு விழுந்தது. பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன், போர்வைக்குள் புகுந்துகொண்டு அன்று சோறு கூடச் சாப்பிடவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். "ஒன் சட்டத்த நீயே தின்னு," என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. சட்டம் போட்டது நான். திட்டு வாங்கியது அவள்.

இப்படியே விடுமுறை கரைந்தது. ஒரு நாள் மனைவி பாதியில் மழைக்குக் கொடித்துணியை எடுக்க ஓடினாள். ஒரு நாள் மச்சான் தோற்கும் நேரத்தில் பலகை மேல் தேநீரைக் கொட்டிவிட்டு, "கை தவறிடுச்சுலா," என்றார். எனக்கு வந்த கோபத்தில் பலகையை மடித்து அடுப்பில் போடலாமா என்று இருந்தது. மகள் பலகையைத் துடைத்து, அடுப்புப் பக்கம் சாய்த்து உலர்த்தினாள்.

கடைசி நாள் வந்தது. மத்தியானம் தானா ராத்தா டவுனில் அவளுக்குப் பஸ். மச்சான் கெரேத்தாவில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. காலையிலேயே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, பலகையை விரித்துவிட்டாள்.

"இன்னைக்கு யாரும் எந்திரிச்சுப் போகக் கூடாது. மாமா, ஒங்களுக்குத் தேத்தண்ணி கேம் முடிஞ்ச பிறகுதான்."

அன்று எல்லாரும் அடங்கித்தான் ஆடினார்கள். மச்சான் ஊதவில்லை, உதடு மட்டும் குவிந்து குவிந்து நின்றது. மகன் டம்ளரைத் தூக்கிப் பார்க்கவில்லை. என் மனைவி கூட, வெட்ட வேண்டிய பச்சைக் காயை வெட்டாமல் வேறு காயை நகர்த்தினாள். "அம்மா, எனக்கு விட்டுக் குடுக்காதீங்க," என்று மகள் கோபித்துக்கொண்டாள். விட்டுக் கொடுத்தாலும் சண்டை!

மணி ஆகிக்கொண்டே இருந்தது. மகளுக்கு மூன்று காய் வீடு சேர்ந்துவிட்டன. நான்காவது காய் வீட்டு வாசலில். சரியாக இரண்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. மச்சான் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

அவள் குலுக்கினாள். கவிழ்க்கும்போது டம்ளர் விளிம்பு மேசையில் இடித்தது. பகடை எகிறிக் கீழே விழுந்து உருண்டது. மகன்தான் முதலில் மேசைக்கு அடியில் புகுந்தான்.

"ரெண்டு! ரெண்டுக்கா! ஜெயிச்சுட்ட!"

"அப்பாடா, குடுத்துடுங்கலா. பஸ் போயிரும்," என்றார் மச்சான்.

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, இன்னைக்கு மட்டும் சேத்துக்கலாம்," என்றேன்.

மகள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப தம்பிக்கு விழுந்த ஆறு?"

மேசைக்கு அடியிலிருந்து மகன் தலையை நீட்டினான்.

"அவனுக்கு இல்லன்னு சொன்னேன்ல. எனக்கும் இல்ல. டைஸ எடுத்துக் குடுடா."

மகன் மேசைக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்து, பகடையை அவள் டம்ளரில் போட்டான். அவள் குலுக்கினாள். மகன் எண்ணைப் படித்தான். ஐந்து. காய் நகர வழியில்லை. மச்சான் வெளியே போய் கெரேத்தாவை முடுக்கிவிட்டார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "போர்ட எடுத்துராதீங்க. அப்படியே இருக்கட்டும்." ஒரு ஆட்டம் முடித்துத் தருகிறேன் என்று சொன்ன அப்பன், வீடு நிறையச் சட்டம் போட்டதுதான் மிச்சம்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லை. மகன் காவல் இருந்தான். மேசையைத் துடைக்கப் போனால், "அம்மா, மஞ்சள் காய் நகந்துருச்சு!" என்று அலறுவான். நாங்கள் தரையில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். மச்சான் வந்து குழம்புச் சட்டியை வைக்க இடம் தேடினால், மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னான்.

விடுதியில் பிள்ளைகள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள பொதுத் தொலைபேசியில் கூப்பிடலாம். கூப்பிட்டாள். சாப்பிட்டியா, குளிருதா என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள், "போர்டு இருக்கா?" என்றாள்.

"இருக்குக்கா! ஒண்ணும் நகரல!"

என் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தோம். முறைப்படி மகன் உருட்டினான், அம்மா உருட்டினாள், மாமா உருட்டினார். ஒவ்வொரு எண்ணையும் அவளுக்குக் கத்திச் சொன்னோம். அடுத்தது அவள் முறை. அங்கேயிருந்து எப்படி உருட்டுவாள்? இதற்கு என்னிடம் சட்டம் இல்லை.

"நான் உருட்டவாம்மா?" என்றேன்.

"நீங்க கிராணி. ஒங்களுக்குக் கை கெடையாது," என்றார் மச்சான். "நான் உருட்டுறேன்."

"மாமா ஊதுவாங்க," என்றாள் மகள். "தம்பி உருட்டட்டும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பகடையை நட்டு வைத்தவன், டம்ளருக்குள் எட்டிப் பார்த்தவன். அவனிடமா?

"அடுத்த ஆள்தான படிக்கணும்? எனக்கு அடுத்த ஆளும் அவன்தான். அவனே படிக்கட்டும்."

அவன் முகம் மாறிப்போனது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மூன்று தரம் குலுக்கினான். கவிழ்த்தான். கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான். பகடை சமையலறைப் பக்கம் ஓடி, பலகைக்குள்ளேயே நின்றது.

நாலு.

என் மனைவி சத்தம் வராமல் இரண்டு விரலைக் காட்டினாள். சொல்லுடா, ரெண்டுன்னு சொல்லு, என்று வாயசைத்தாள். மச்சானும் இரண்டு விரலைக் காட்டினார். உண்மையைச் சொல்கிறேன், நானும் தடுக்கவில்லை.

மகன் எங்கள் மூவரையும் பார்த்தான். பிறகு கைப்பேசியைப் பார்த்துக் குனிந்தான்.

"நாலுக்கா. ரெண்டு இல்ல."

அந்தப் பக்கம் அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள், சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்துவது மட்டும் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள்.

"சரிடா. அடுத்த வாரம் நீயே எனக்கு உருட்டு. போர்ட எடுத்துராதீங்க."

அதனால்தான் பிள்ளைகளே, இதை நான் பாயில் உட்கார்ந்து, முழங்கால் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். மேசை காலியாகவில்லை.